மொராக்கோ படத்து டெயில்கோட்: மார்லேன் டீட்ரிச் தோற்றம் ஏன் சரியாக வரவில்லை?

திரைச்சீலை (கேள்வி)

கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தொகுப்பு ஒன்றுக்கும், அதைத் தொடர்ந்து பத்து நிமிட மேடைப் பாட்டு ஒன்றுக்கும், 'மொராக்கோ' (1930) படத்தில் ஹாலிவுட் நடிகை மார்லேன் டீட்ரிச் போட்டுவரும் கறுப்பு டக்ஸீடோவைத் தைக்கக் கொடுத்திருக்கிறோம். அணியப்போகும் பெண்ணின் உயரம் 5 அடி 4 அங்குலம். மார்பு 36, இடுப்பு 30, சீட் (பின்பக்கச் சுற்றளவு) 39. துணி டிஆர் சூட்டிங் (பாலியஸ்டர் கலந்தது).

முதல் டிரையலில் தெரிந்த குறைகள்:

கோட்டின் முன்பக்கத்துக்குக் கீழே வெள்ளை வெயிஸ்ட்கோட் (கோட்டுக்குள் போடும் கையில்லாத மேல்சட்டை) ஒரு பட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்கழுத்தில் காலர் ஒட்டாமல் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்கிறது. உட்கார்ந்தால் சட்டையின் முன்பக்கம் பலூன் மாதிரி உப்புகிறது. டாப் ஹேட் வைத்ததும் முகம் முழுக்க இருட்டு. மொத்தத்தில் கல்யாண பேண்டு வாசிப்பவர் உடை மாதிரி இருக்கிறதே தவிர டீட்ரிச் தெரியவில்லை.

இடுப்பை இன்னும் பிடித்து, மார்பில் இரண்டு டார்ட் (உடம்பு வளைவுக்கான மடிப்புத் தையல்) போட்டால் "லேடீஸ் ஃபிட்" வந்துவிடும் என்கிறார் தைப்பவர். செய்யலாமா? புருவத்தை மழிக்காமல் அந்த மெல்லிய வளைவைக் கொண்டுவர வழி உண்டா?

ஊசிமுனை

மார்புல வெளியே தெரியிற மாதிரி டார்ட் போட வேண்டாம். இடுப்பையும் பிடிக்க வேண்டாம். அந்த ரெண்டையும் செஞ்சா இது பெண்கள் ஜாக்கெட்டுக்கு வால் ஒட்டவெச்ச மாதிரி ஆகிடும்.

முதல்ல பேரைத் திருத்திக்குவோம். அது டக்ஸீடோ இல்லை, டெயில்கோட். டக்ஸீடோ இடுப்புக்குக் கீழ சீட்டை மூடும், பட்டன் போடலாம், கறுப்பு போ டை. டெயில்கோட் முன்னாடி இயற்கை இடுப்போட வெட்டி நிக்கும், பின்னாடி வால் முழங்கால் மடிப்பு வரைக்கும் வரும், டையும் வெயிஸ்ட்கோட்டும் வெள்ளை. முன்னாடி பக்கத்துக்கு மூணு பட்டன் இருக்கும், எல்லாம் அலங்காரம்தான். இந்தக் கோட்டை மூடவே முடியாது. மாஸ்டர் டக்ஸீடோ கட்டிங்கை வெச்சு முன்பக்கத்தை வெட்டியிருந்தா அங்கேயே கணக்கு தப்பிடும்.

வெள்ளைப் பட்டை எட்டிப்பார்க்குதுன்னு சொன்னீங்களே, அதுக்குக் காரணம் தைச்ச வரிசை. பெரும்பாலும் கோட்டை முதல்ல வெட்டிடுவாங்க. இதுல பேன்ட் முதல்ல, வெயிஸ்ட்கோட் ரெண்டாவது, கோட் கடைசி. பேன்ட்டோட வெயிஸ்ட்பேண்ட் மேல்விளிம்பு தொப்புளுக்கு ஓர் அங்குலம் மேல இருக்கணும். வெயிஸ்ட்கோட்டோட கீழ்விளிம்பு அந்த விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழ வரைக்கும் இறங்கணும். கோட்டோட முன்முனை வெயிஸ்ட்கோட்டைத் தாண்டி அரை அங்குலம் இறங்கணும். இன்னிக்குப் பெண்கள் பேன்ட் இடுப்பெலும்புல உக்காருது. அந்த அளவுல தைச்சா வெயிஸ்ட்கோட்டை மூணு அங்குலம் நீட்டித்தான் ஆகணும், நீட்டினா எட்டிப்பார்க்கத்தான் செய்யும். ஆக கோட்டைத் தொட வேண்டாம், பேன்ட்டை மேலே ஏத்துங்க.

அப்படி ஏத்தின பேன்ட் மேலேயே நிக்கணும்னா சஸ்பெண்டர் (தோள்ல மாட்டுற பட்டை) கட்டாயம். பெல்ட் லூப் வேண்டாம். பின்பக்கம் வெயிஸ்ட்பேண்டை நடுவுல ரெண்டு அங்குலம் உசத்தி, மீன்வால் மாதிரி பிளந்து, அங்க ரெண்டு பட்டன், முன்னாடி நாலு பட்டன். இடுப்புல ஓர் அங்குலம் தளர்வு விடுங்க, அப்பதான் தோள்ல இருந்து தொங்கும். முன்னாடி பக்கத்துக்கு ரெண்டு பிளீட். தொடையைப் பிடிக்கவே கூடாது. சீட்டோட அகலமான இடத்துல இருந்து துணி நேரா தரைக்கு விழணும். 39 சீட்டுக்கு பாட்டம் சுற்றளவு 22 அங்குலம் சரியா வரும். 16 வெச்சா தொடை உருண்டையா தெரிஞ்சிடும். பக்கத் தையல் மேல பட்டு நாடா ரெண்டு வரிசை. கீழ மடக்கித் தைக்கிற பாட்டம் வேண்டாம்.

காலர் விலகல். இதை எல்லாரும் காலரைப் பிரிச்சு சரிபண்ணப் பார்ப்பாங்க. கோளாறு காலர்ல இல்லை, மார்புல. ஆண் அளவு பேட்டர்ன்ல மார்பு மேட்டுக்கு வேண்டிய முன்நீளம் கிடையாது. துணி அந்த மேட்டு மேல ஏறிப் போறப்ப முன்பக்கத்தைக் கீழ இழுக்கும், அந்த இழுப்பு தோள் வழியா போய் காலரைக் கழுத்துல இருந்து பிடுங்கும். முன்பக்கத்துக்கு நீளம் குடுங்க. அந்த நீளத்தை லேப்பலுக்கு (மார்பு மேல மடிஞ்சு விழுற கோட் விளிம்பு) அடியில ஒளிஞ்சிருக்கிற டார்ட்டா எடுத்துடுங்க: காலரும் லேப்பலும் சேர்ற தையல்ல ஆரம்பிச்சு மார்பு முனையை நோக்கி, அரை அங்குல ஆழம், முனைக்கு ஓர் அங்குலம் முன்னாடியே நின்னுடணும். லேப்பல் மடிஞ்சு விழுந்ததும் அது கண்ணுக்கே தெரியாது. முன்பக்கம் ஆண் கோட் மாதிரியே தட்டையா இருக்கும், காலரும் கழுத்துல உக்கார்ந்துடும். மார்பைத் துணியால இறுக்கிக் கட்டாதீங்க. பாடணும்ல, மூச்சு முட்டும். பேட் இல்லாத மெல்லிய ஸ்போர்ட்ஸ் பிரா போதும். ஆனா எல்லா டிரையலுக்கும் அதே பிராவைப் போட்டுட்டு வரணும்.

இடுப்பு விஷயம். மார்பு 36க்குக் கோட் அளவு 39 வைங்க. கோட் இடுப்பை 34க்குக் கீழ கொண்டுபோகாதீங்க. உடம்போட 30ஐத் துரத்திக்கிட்டுப் போனா, இடுப்புத் தையலுக்குக் கீழ பின்பக்கம் சீட்ல முட்டி ரெண்டு வாலும் ஆளுக்கொரு பக்கமா பிரிஞ்சு நிக்கும். வால் ஒண்ணு மேல ஒண்ணு ஒன்றரை அங்குலம் ஏறி, நடக்கிறப்ப மட்டும் விலகணும்.

தோள் அகலம் சொந்தத் தோளைவிடப் பக்கத்துக்கு அரை அங்குலம் கூடுதலா இருக்கட்டும். பேட் கால் அங்குலம், அதுக்கு மேல வேண்டாம். ஆர்ம்ஹோல் அக்குளுக்கு ஓர் அங்குலம்தான் கீழ இருக்கணும். ஆழமா வெட்டிட்டா மேடையில கையைத் தூக்கினதும் மொத்தக் கோட்டும் மேல ஏறி வெள்ளைப் பட்டை திரும்ப வந்துடும்.

பழையரீல்

ஊசிமுனை சொன்ன "பெண் ஜாக்கெட்டுக்கு வால்" என்ற பிழைதான் இந்தத் தோற்றத்தை நகலெடுக்கும் பெரும்பாலோர் செய்வது. டீட்ரிச் ஆண் உடையைப் பெண்ணுக்காக மென்மையாக்கவில்லை. ஆண் உடையின் விதிகளை ஒன்றுவிடாமல் காப்பாற்றினார். வெயிஸ்ட்கோட்டின் நீளம், காலரின் விறைப்பு, சட்டைக்கை கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் தெரிவது என எதிலும் சலுகை கிடையாது. கவர்ச்சி முழுக்க முகத்திலும் முடியிலும் கையிலும் நடையிலும்தான். துணியிலேயே அதைப் புகுத்தினால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் இழுவிசை போய்விடும்.

மொராக்கோவில் அவர் ஏமி ஜாலி என்ற காபரே பாடகி. இயக்கம் ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க், உடை பாராமவுண்டின் டிராவிஸ் பேண்டன், ஒளிப்பதிவு லீ கார்ம்ஸ். பிரெஞ்சுப் பாட்டு முடிந்ததும் ஒரு மேசையில் இருக்கும் பெண்ணின் முடியிலிருந்து பூவை எடுக்கிறார். அந்தப் பெண்ணை உதட்டில் முத்தமிட்டு, பூவைக் கதாநாயகன் கேரி கூப்பரிடம் எறிகிறார். தணிக்கை விதிகள் 1930இலேயே எழுதப்பட்டுவிட்டன என்றாலும் 1934 நடுவில்தான் கடுமையாக அமலாகின. இந்தக் காட்சி அந்த இடைவெளியில் வந்தது. அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்த ஒரே படமும் இதுதான்.

இதை ஹாலிவுட்டின் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1920களின் பெர்லின் இரவு விடுதிகளில் டக்ஸீடோவும் மோனக்கிளும் (ஒற்றைக் கண்ணாடி) அணிந்த பெண்கள் பழக்கப்பட்ட காட்சி. டீட்ரிச் 1928இல் மார்கோ லயனோடு சேர்ந்து ஒரு ரெவ்யூவில் (பாட்டும் நகைச்சுவையும் கலந்த மேடை நிகழ்ச்சி), இரண்டு தோழியர் கடைக்குப் போகும் பாட்டைப் பாடி அங்கே பேர் வாங்கியவர். அதற்கும் முன்பே இங்கிலாந்தின் மியூசிக் ஹால்களில் வெஸ்டா டில்லி, ஆண் உடையை ஆண்களே பார்த்துக் கற்றுக்கொள்ளும் அளவு துல்லியமாக அணிந்து 1920 வரை மேடையேறினார். ஆனால் டில்லி ஆணாகவே நடித்தார். டீட்ரிச் டெயில்கோட்டுக்குள் பெண்ணாகவே இருந்தார். உங்கள் பாடகி குரலைத் தாழ்த்தி ஆண் போல நடிக்கத் தொடங்கினால் அது டில்லியின் வழி, டீட்ரிச்சின் வழி அல்ல.

படங்களைப் பார்த்து அளவெடுப்பதாக இருந்தால் எது எந்தப் படம் என்று பிரித்துக்கொள்ளுங்கள், இணையத்தில் எல்லாம் கலந்து கிடக்கிறது. கறுப்பு டெயில்கோட் மொராக்கோ. வெள்ளை டெயில்கோட், வெள்ளை ஹேட், மின்னும் லேப்பல் என்றால் 'பிளாண்ட் வீனஸ்' (1932). வெள்ளைக் கடற்படைச் சீருடை 'செவன் சின்னர்ஸ்' (1940). டாப் ஹேட்டும் தொடைவரைத் தெரியும் காலுறையும் 'தி புளூ ஏஞ்சல்' (1930), அது ஆண் உடைத் தோற்றமே அல்ல. டக்ஸீடோ வேண்டுமானால் 1933 தொடக்கத்தில் 'தி சைன் ஆஃப் தி கிராஸ்' திரையிடலுக்கு அவர் அணிந்து வந்த படத்தைப் பாருங்கள், அது சினிமா உடை அல்ல, சொந்த உடை.

சொந்த உடை என்பதற்கு ஒரு கூடுதல் கனம் உண்டு. அதே 1933 மே மாதம் அவர் பாரிஸில் ஆண் சூட்டும் பெரே தொப்பியும் நீளக் கோட்டுமாக வந்து இறங்கியபோது, பெண்கள் ஆண் உடை அணியக் காவல்துறை அனுமதி வாங்க வேண்டும் என்ற 1800ஆம் ஆண்டு ஆணை ஏட்டில் அப்படியே இருந்தது. 1892இலும் 1909இலும் குதிரைக்கும் சைக்கிளுக்கும் மட்டும் விலக்குக் கொடுத்திருந்தார்கள். அது செல்லாது என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது 2013 ஜனவரியில்!

அவருக்குத் தைத்தவர்களில் வியன்னாவின் க்னீஷே கடையும் ஒன்று. கிராபன் தெருவில் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ் வடிவமைத்த முகப்போடு இன்றும் நிற்கும் ஆண்கள் தையலகம் அது. பெண்கள் தையலகத்துக்குப் போகாமல் அங்கே போனதிலேயே உங்கள் "லேடீஸ் ஃபிட்" கேள்விக்குப் பதில் இருக்கிறது.

வெள்ளைக்காலர்

சட்டையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. கோட் சுமாராக இருந்தாலும் சட்டை முன்பக்கம் பலகை போல நின்றால் தோற்றம் பாதி வந்துவிடும். சாதாரண வெள்ளைச் சட்டையில் போ டை கட்டினால் எந்தக் கோட்டும் காப்பாற்றாது.

உட்கார்ந்தால் உப்புவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, விறைப்பான முன்பகுதி வெயிஸ்ட்பேண்டுக்குக் கீழே வரை போகிறது. அது வெயிஸ்ட்பேண்டுக்கு அரை அங்குலம் மேலேயே முடிய வேண்டும், அதற்குக் கீழே மெல்லிய துணி. இரண்டாவது, கீழே இழுத்துப் பிடிக்க ஒன்றும் இல்லை. முன்பகுதியின் அடியில் காஜா எடுத்த ஒரு சிறு நாக்குத் துணி தைத்து, பேன்ட்டின் உட்பக்கம் ஒரு பட்டனில் மாட்டுங்கள். பழைய டிரஸ் ஷர்ட்களில் இது இருந்தது. இந்த ஒரு பட்டன் போதும், உப்பாது.

காலர் தனியாகக் கழற்றுவதாக இருக்க வேண்டும், முனை மடிந்த விங் காலர், உயரம் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சட்டையின் கழுத்துப்பட்டைக்கு முன்னால் ஒரு ஸ்டட் (கழற்றி மாட்டும் பட்டன்), பின்னால் ஒரு ஸ்டட். காலர் அளவு கழுத்துப்பட்டையைவிட அரை அங்குலம் கூடுதல். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் முன்னால் சேராது, பலவந்தமாகச் சேர்த்தால் தொண்டையை அழுத்தும். பாடுபவருக்கு இது முக்கியம்.

துணி வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. வெயிஸ்ட்கோட்டும் டையும் சட்டையின் முன்பகுதியும் பிக்கே என்ற மேடுபள்ளமான பருத்தித் துணி. நம் ஊர்க் கடையில் "பிக்கே" என்று கேட்டால் திருப்பூரில் போலோ டி-ஷர்ட்டுக்குப் பின்னும் நிட் துணியைத் தருவார்கள். அது இழுபடும், கஞ்சி ஏறாது. உங்களுக்கு வேண்டியது தறியில் நெய்த பிக்கே. கிடைக்காவிட்டால் சிறு கட்டம் போட்ட வெள்ளை டாபி காட்டன் வாங்குங்கள். வெயிஸ்ட்கோட், டை, சட்டை முன்பகுதி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் போதும். தைப்பதற்கு முன் வெந்நீரில் ஒருமுறை நனைத்துச் சுருங்க விடாவிட்டால், முதல் கஞ்சியிலேயே டை அரை அங்குலம் சுருங்கிவிடும்.

இப்போது கஞ்சி. சோற்றுக் கஞ்சி மஞ்சள் அடிக்கும், மைதா கட்டி கட்டியாக நிற்கும். ஜவ்வரிசிக் கஞ்சிதான் தெளிவாக வரும். 50 கிராம் ஜவ்வரிசியை ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சட்டையின் முன்பகுதியை மட்டும் அதில் முக்கி, இரு பக்கமும் விரலால் தேய்த்து உள்ளே ஏற்றுங்கள். பிறகு ஈரத்துணியால் மேற்பரப்பைத் துடைத்துவிட வேண்டும். இதைத் தவறவிட்டால் இஸ்திரிப் பெட்டியில் கஞ்சி ஒட்டிக் கருகிப் பழுப்புத் தகடாக உரியும். பாதி ஈரத்தில் முதலில் உள்பக்கம், பிறகு வெளிப்பக்கம் நல்ல சூட்டில் அழுத்துங்கள். முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து, துவாலையில் சுருட்டி ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். இரண்டு சுற்று போட்டால் தட்டினால் டக் என்று சத்தம் வரும். கடைசி அலசில் இரண்டு சொட்டு நீலம் விடலாம்.

திரைச்சீலை

நன்றி. பேன்ட்டைப் பிரித்து மேலே ஏற்றச் சொல்லிவிட்டேன். லேப்பலுக்கு அடியில் டார்ட் என்றதும் தைப்பவருக்கும் பிடித்துவிட்டது. துணியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, டிஆர் சூட்டிங் சரிதானா? முன்பக்கத்துக்கு ஃப்யூசிங் (சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டியிருக்கிறார்கள்.

ஊசிமுனை

டிஆரை டிரையல் கோட்டா வெச்சுக்குங்க. காடாத் துணியில ஒரு டிரையல் போடுறதுக்குப் பதிலா இது ஆச்சு, வீண் இல்லை.

இறுதிக் கோட்டுக்கு அது ஏன் ஆகாதுன்னா, பாலியஸ்டர் கலந்த துணி விளக்கு வெளிச்சத்துல தானே மினுக்கும். டெயில்கோட்ல உடல் துணி ஒளியை உறிஞ்சணும், லேப்பல் பட்டு மட்டும் ஒளியைத் திருப்பணும். கறுப்பு வெள்ளைப் படத்துல இந்த ஒரு வித்தியாசத்தை வெச்சுத்தான் கோட்டோட வடிவமே கண்ணுக்குத் தெரியுது. ரெண்டும் மினுக்கினா எல்லாம் சாம்பல் நிறமா ஒட்டிக்கும். நீங்க சொன்ன பேண்டு உடை மாதிரி இருக்கிறதுக்கு இது பெரிய காரணம்.

பரத்தியா கம்பளி கிடைச்சா வாங்குங்க, மீட்டருக்கு 300 கிராம் அளவுல. இல்லைன்னா மினுக்கில்லாத எந்த வொர்ஸ்டெட் கம்பளியும் சரி. 58 அங்குல அகலத்துல கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் மூன்றரை மீட்டர். லேப்பலுக்கு முக்கால் மீட்டர் பட்டு. பாலியஸ்டர் சாட்டின் கண்ணாடி மாதிரி அடிக்கும், பட்டு இல்லைன்னா குறுக்கு வரி உள்ள குரோக்ரெய்ன் பரவாயில்லை. மேடைக்கும் போறதால அடர் நீலமும் யோசிக்கலாம். மஞ்சள் விளக்குல கறுப்பு சில சமயம் பழுப்பா தெரியும், அடர் நீலம் கறுப்பைவிடக் கறுப்பா நிக்கும்.

ஃப்யூசிங் வேண்டாம். வேர்வையும் இஸ்திரியும் சேர்ந்தா மார்புல கொப்புளம் கிளம்பும், அப்புறம் சரிபண்ணவே முடியாது. தைக்கிற கேன்வாஸ் போட்டு, லேப்பலுக்குக் கையால சாய்தையல் போடச் சொல்லுங்க. லேப்பல் கத்தி மாதிரி மடியக் கூடாது, உருண்டு விழணும். கூலி கூடும்தான், ஆனா இங்க மிச்சம் பிடிக்காதீங்க.

நிழல்விளிம்பு

முகம் இருட்டாவதற்கு வருகிறேன்.

டீட்ரிச்சுக்கு வான் ஸ்டெர்ன்பெர்க் பயன்படுத்திய ஒளியைப் பட்டாம்பூச்சி ஒளி என்பார்கள், பாராமவுண்ட் ஒளி என்றும் பெயர். விளக்கு கேமராவுக்கு நேர் மேலே உயரத்தில். மூக்கின் நிழல் பட்டாம்பூச்சி வடிவில் உதட்டுக்கு மேல் விழும், கன்ன எலும்புக்குக் கீழே பள்ளம் தெரியும். பாடப்புத்தகக் கோணம் 45 டிகிரி. தொப்பி இல்லாதபோது அது சரி. டாப் ஹேட்டின் விளிம்பு இரண்டு அங்குலம் முன்னால் நீட்டியிருக்கிறது. 45 டிகிரியில் விளக்கு வைத்தால் அந்த விளிம்பு இரண்டு அங்குல நிழலை நேராகக் கண்மேல் போடும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

விளக்கை 30 டிகிரிக்கு இறக்குங்கள். முகத்திலிருந்து ஐந்தடி தூரத்தில் விளக்கு என்றால் கண்மட்டத்துக்கு மூன்றடி மேலே. இப்போது நிழல் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் இறங்கும். தொப்பியின் முன்விளிம்பைப் புருவத்துக்கு இரண்டு விரல்கடை மேலே ஏற்றிப் பின்னால் தள்ளி, ஒரு பக்கம் சாய்த்து வைத்தால் நிழல் நெற்றியோடு நின்றுவிடும். மூக்கு நிழல் உதட்டைத் தொடக் கூடாது. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பாதித் தூரம் வந்தால் போதும்.

சாஃப்ட்பாக்ஸ் வேண்டாம், கன்னப் பள்ளத்தை அது நிரப்பிவிடும். சிறிய ஃப்ரெனெல் விளக்கு (லென்ஸ் வைத்த ஸ்பாட் விளக்கு), முன்னால் ஒற்றை அடுக்கு மெல்லிய வலைத்துணி. கீழிருந்து நிரப்பு ஒளி தனியாகத் தேவையில்லை. வெள்ளைக்காலர் சொன்ன கஞ்சி போட்ட மார்புப் பலகையே தாடைக்குக் கீழே ஒளியைத் திருப்பிக் கொடுக்கும்.

ஆனால் நீலம் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் தோல் நிறத்துக்கு முகத்தை அளந்து எக்ஸ்போஷர் வைத்தால் வெள்ளைச் சட்டை இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) மேலே போய், பிக்கேயின் மேடுபள்ளம் எல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். படப்பிடிப்புக்கு அணியும் வெள்ளையைச் சற்று மங்கலாக்குவது திரைப்பட உடைத்துறையின் பழைய வழக்கம். மூன்று லிட்டர் வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் தேயிலை, வடிகட்டி, கஞ்சிக்கு முன் ஐந்து நிமிடம் முக்கி அலசுங்கள். கண்ணுக்குப் பழுப்பாகத் தெரியும், படத்தில் வெள்ளையாகவே வரும். காலர், டை, வெயிஸ்ட்கோட், சட்டை நான்கையும் ஒரே பாத்திரத்தில் முக்க வேண்டும், தனித்தனியாக முக்கினால் நான்கு வெள்ளை தெரியும். போதாவிட்டால் விளக்கின் கீழ்ப்பகுதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து மார்புக்குப் போகும் ஒளியை ஒரு ஸ்டாப் குறையுங்கள்.

புருவத்தை மழிக்காதீர்கள், திரும்ப ஒழுங்காக வளரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தண்ணீரில் கரையும் பசைக்குச்சியைப் புருவத்தில் தடவி, முடியை மேல்நோக்கிச் சீவித் தட்டையாக்குங்கள். காயவிட்டு இன்னொரு பூச்சு, பிறகு மூன்றாவது. ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் பாடும்போது முகம் அசைந்து பாளம் பாளமாக வெடிக்கும். மேலே நிறமற்ற பவுடர், அதன்மேல் ஆரஞ்சு கரெக்டர், பிறகுதான் ஃபவுண்டேஷன். கரெக்டரை விட்டுவிட்டால் புருவம் சாம்பல் நிழலாகத் தெரியும். சொந்தப் புருவத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, பென்சிலைக் கூராக்கி, மெல்லிய கோடு. மூக்குப் பக்கம் தொடங்கி மேலேறி, கண்ணின் வெளிமுனையைத் தாண்டி நீளமாக இறங்க வேண்டும். இமைக்கும் புருவத்துக்கும் நடுவே கிடைக்கும் அந்த வெற்றிடத்தில்தான் மேலிருந்து வரும் ஒளி தேங்குகிறது. இமை பாதி மூடியது போன்ற அந்தப் பார்வை பெருமளவு இதனால் வருவது.

வெள்ளைக்காலர்

படத்துக்குத் தேயிலை சரி, ஏற்றுக்கொள்கிறேன். மேடைக்கு மட்டும் இன்னொரு காலரும் டையும் தூய வெள்ளையில் வைத்துக்கொள்ளுங்கள். வேர்வையில் காலர் எப்படியும் ஒரு மணி நேரத்தில் தளரும், மாற்று இல்லாமல் மேடையேறக் கூடாது.

பழையரீல்

மேடை என்பதால் ஒன்று. 1953 டிசம்பரில் லாஸ் வேகாஸின் சஹாரா ஹோட்டலில் தொடங்கிய மேடை வாழ்க்கையில், உடம்போடு ஒட்டிய ஆடை வடிவமைப்பாளர் ஜீன் லூயியின் மணி பதித்த கவுனில் பாடிவிட்டு, சில நிமிடங்களில் டெயில்கோட்டுக்கு மாறி மறுபாதியைப் பாடுவது அவர் வழக்கமானது. ஒரே இரவில் இரண்டு உச்சங்களும். பத்து நிமிடத்தில் உடை மாற்றும் எண்ணம் இருந்தால் சஸ்பெண்டர், பேன்ட், வெயிஸ்ட்கோட் மூன்றையும் முன்பே ஒன்றாக மாட்டி வையுங்கள். வெயிஸ்ட்கோட் முதுகில்லாத வகையாக, கழுத்திலும் இடுப்பிலும் நாடாவோடு இருந்தால் வேர்வையும் குறையும்.

நடையைப் பற்றி: மொராக்கோ காட்சியில் பார்வையாளர்கள் கூச்சலிடும்போது அவர் அவசரப்படுவதே இல்லை. சிகரெட்டோடு, அடங்கும்வரை காத்திருக்கிறார். உங்கள் பாடகி வந்ததும் பாட ஆரம்பிக்க வேண்டாம். ஒரு கை பேன்ட் பாக்கெட்டில் இருந்தால் கோட்டின் முன்பக்கம் விலகி, இடுப்பின் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரியும். பாக்கெட் பக்கத் தையலிலேயே இருக்கட்டும், சாய்வாக வெட்டினால் கை நுழைந்ததும் வாய் பிளக்கும்.

திரைச்சீலை

கடைசியாக ஒன்று. பாடகிக்கு அடர் கறுப்பு முடி. பொன்னிற விக் வைக்க வேண்டுமா?

நிழல்விளிம்பு

வேண்டாம். ஆனால் பொன்னிற முடி அங்கே என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொண்டு, அந்த வேலையை வேறு வழியில் செய்ய வேண்டும். கறுப்புத் தொப்பிக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு வெளிர் விளிம்பாக நின்று இரண்டையும் பிரித்தது அதுதான். கறுப்பு முடி தொப்பியோடு கலந்து, தலை பெரிய கறுப்புக் கட்டியாகிவிடும்.

முதல் நாள் இரவு ஈர முடியில் செட்டிங் லோஷன் தடவி, காதுக்கு முன்னும் பின்னும் ஒரு ரூபாய் நாணய அளவில் பின்சுருள் (சுருட்டி ஹேர்பின் குத்திய சுருள்) போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகே பிரியுங்கள். அரை ஈரத்தில் பிரித்தால் தொப்பியின் சூட்டிலேயே அலை இறங்கிவிடும். தொப்பிக்கு வெளியே சாய்வின் எதிர்ப்பக்கம் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் அலை தெரியட்டும். அதன்மேல் மட்டும் பிரில்லியன்டைன் (முடிக்குப் பளபளப்பு தரும் எண்ணெய்ப் பூச்சு) அல்லது இரண்டு துளி தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துத் தடவுங்கள். இப்போது பின்னால் ஆறடி உயரத்துக்கு மேல், சாய்வின் எதிர்ப்பக்கமாக ஒரு சிறு விளக்கு. எண்ணெய் பட்ட அலையின் முகடுகள் வெள்ளிக் கோடாக எரியும், அதே ஒளி தோளையும் தொப்பியின் விளிம்பையும் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கும். லென்ஸுக்குள் அந்த ஒளி நேராக விழாதபடி கேமரா பக்கம் ஒரு கறுப்பு அட்டை பிடியுங்கள்.

தொப்பி வாங்கும்போது புருவத்துக்கு மேலே சுற்றளவு எடுத்து, பின்சுருள் அலைக்காக ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். விழாக் கடைகளில் கிடைக்கும் சாட்டின் தொப்பி வேண்டாம், பக்கங்கள் குழிந்துவிடும். பழைய பட்டுப் பிளஷ் (ரோமம் போன்ற மேற்பரப்புள்ள துணி) தொப்பிகள் அளவில் சிறியவை, விலையும் அதிகம். நல்ல முயல் ரோம ஃபெல்ட், மேற்கூரை உயரம் 13 சென்டிமீட்டர். மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் துலக்கி, கடைசியில் ஈரத்துணியால் ஒருமுறை வருடினால் பின்விளக்கில் பிளஷ் போலவே பளபளக்கும்.